அக்காவைவிட அதிகம் வலிக்கக் கூடாது

காலை ஏழு மணிக்கு நர்ஸ் உள்ளே வருவதற்கு முன்பே மால்சுன் தலைவாரி, போர்வையைச் சீராக இழுத்துவிட்டு, சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பாள். வலது முழங்கால்மேல் இரவு வைத்த ஐஸ் பை தண்ணீராகிச் சரிந்து கிடக்கும். ஜன்னலோரக் கட்டிலில் ஆரம்பித்து, நடுக்கட்டிலைக் கடந்து, கதவோரமிருக்கும் அவளிடம் நர்ஸ் வந்து நிற்பார். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் இன்றைக்கு வலி எத்தனை என்று கேட்பார். "ரெண்டுங்க," என்பாள் மால்சுன். ஐந்து வாரமாக இதே பதில்தான். ஒருநாள்கூட ஒன்று கூடியதில்லை, குறைந்ததுமில்லை.

அறுபத்து மூன்று வயது. மொக்போ துறைமுகத்துக்குப் பின்தெருவில், ஒரு கட்டிடத்தின் நிலத்தடித் தளத்தில் இருக்கும் பெண்கள் பொதுக்குளியல் கூடத்தில் குளிக்க வருகிறவர்களை மேஜையில் படுக்கவைத்து இருபத்தெட்டு வருடமாக அழுக்குத் தேய்த்துவிடுகிறாள். சொரசொரத்த பச்சைக் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றால், மேஜையில் படுத்திருப்பவர் மீன் மார்க்கெட்காரியா வங்கி மேனேஜரா என்ற பேதமெல்லாம் அவளுக்குக் கிடையாது. விலாவில் இரண்டு தட்டுத் தட்டுவாள். ஆள் புரண்டு படுக்க வேண்டும், அவ்வளவுதான். ஊர்ப் பெண்களை அவள் முகத்தைவிட முதுகை வைத்தே அதிகம் அறிந்திருக்கிறாள். யார் தோளில் கவலை ஏறியிருக்கிறது, யார் புதிதாகக் கைக்குழந்தை தூக்குகிறார்கள் என்றெல்லாம் கை வைத்ததும் சொல்லிவிடுவாள்.

யாராவது பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது. கையை எடுத்துவிடுவாள். "வலிச்சா வாயைத் திறந்து சொல்லுங்க. நீங்க சொல்லாம எனக்கு எப்படித் தெரியும்? வீரத்தைக் காட்டுற இடமா இது?" என்று அதட்டுவாள். பேர்போன வாய்க்காரிகள்கூட அந்த மேஜையில் பெட்டிப்பாம்பாக அடங்கிப் போயிருக்கிறார்கள். அதே வாய்தான் இப்போது தினமும் காலையில் இரண்டு என்று சொல்கிறது.

ஈரத் தரையில் இத்தனை வருடம் நின்றதில் வலது முட்டி தேய்ந்துபோனது. அறுவை சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புது முட்டி கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்று படத்தைக் காட்டி டாக்டர் சந்தோஷப்பட்டார். அதன் பிறகு காலைப் பழக்கிக்கொள்வதற்காக இந்த மறுவாழ்வு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கு வாய்த்தது மூன்று கட்டில் போட்ட அறை. மூன்று பேரும் முட்டி மாற்றியவர்கள். அவள் வந்த அரைமணி நேரத்துக்குள், எங்கள் ஊரில் நாலு பேர் கூடினால் முதலில் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. யார் எந்த வருடம் பிறந்தவர் என்று ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

ஜன்னலோரத்தில் போங்ரே, வயது எண்பத்திரண்டு. மார்க்கெட்டில் நாற்பது வருடம் உயிருள்ள ஆக்டோபஸ் விற்றவர். நடுக்கட்டில் ஒக்பூனுக்கு எழுபத்து நான்கு. ஆக, போங்ரே பெரியக்கா, ஒக்பூன் நடுவக்கா, மால்சுன் கடைக்குட்டி. டிவி ரிமோட் பெரியக்காவின் தலையணையடியில் இருக்கும். சாப்பாட்டுத் தட்டு வந்தால் பெரியக்கா ஸ்பூனைத் தூக்காமல் மற்ற இருவரும் சூப்பில் உதட்டைக்கூட நனைக்க மாட்டார்கள். யாரும் போட்ட சட்டமில்லை. மூச்சுவிடுவது மாதிரி தானாக நடக்கிற காரியம்.

நர்ஸ் கேட்கும்போதும் வரிசை அதேதான். முதல் நாள் காலையில் போங்ரே "நாலு" என்றார். ஒக்பூன் கொஞ்சம் யோசித்து "மூணு" என்றாள். அடுத்தது மால்சுன். உண்மையில் அன்று அவள் முட்டிக்குள் யாரோ அடுப்புக்கரியைப் பற்றவைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். ஆனால் மனதுக்குள் வேறொன்று ஓடியது. பத்தொன்பது வயது மூத்தவர், அதுவும் இரண்டு முட்டியையும் ஒன்றாக மாற்றிக்கொண்டவர், நாலு என்கிறார். ஒரே ஒரு முட்டி மாற்றியவள் அதற்கு மேல் சொன்னால், பெரியவர் கிண்ணத்திலிருந்து கறித்துண்டை எடுத்துத் தின்றது போலாகாதா? இரண்டு முட்டிக்கு நாலு என்றால் ஒன்றுக்கு இரண்டு. நியாயமாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டாள்.

சிரிப்பதற்கு முன் அவள் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஐந்து பெண்களில் கடைசியாகப் பிறந்தவள். இத்தோடு போதும் என்று அப்பா வைத்த பெயர்தான் மால்சுன். புதுச் சட்டை, மீனின் நடுத்துண்டு, பள்ளிக்கூடம் எல்லாமே நாலு அக்காமாரைத் தாண்டித்தான் அவளிடம் வந்தன. காய்ச்சல்கூட அவர்களுக்கெல்லாம் வந்து போன பிறகுதான் தனக்கு வரலாம் என்று நம்பி வளர்ந்த பெண் அவள். அவளை மட்டும் குறை சொல்வது பாவம்.

ஆனால் மருந்துச் சீட்டுக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியாது. தினமும் இரண்டு என்று எழுதியிருப்பதைப் பார்த்த டாக்டர் இரண்டாவது வாரமே பலமான மாத்திரையை நிறுத்திவிட்டார். மிஞ்சியது தலைவலிக்குப் போடுகிற ரகத்தில் ஒன்று. அதை விழுங்கிவிட்டுத்தான் தினமும் பத்து மணிக்குப் பயிற்சி அறைக்குப் போகிறாள். அங்கே தோ என்கிற பயிற்சியாளர் அவள் குதிகாலைப் பிடித்து மெல்ல மடக்குவார். எழுபது பாகை வரை வரும். அதற்குமேல் வலி ஏறியதும் தொடை தானாக இறுகிக்கொள்ளும். அதன் பிறகு அவர் என்ன முயன்றாலும் முட்டி அசையாது.

"ரெண்டு வலிக்கே இவ்வளவு பயமாம்மா? அங்க பாருங்க, பெரியம்மா ரெண்டு காலையும் மடக்கிட்டாங்க," என்றார் தோ ஒருநாள். கெட்ட மனிதரில்லை. சீட்டில் பார்த்ததைத்தான் சொன்னார். மால்சுன்னும் கூடவே சிரித்தாள். அன்று மத்தியானம் டாய்லெட் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பயந்தாங்கொள்ளி என்று அதுவரை அவளை யாரும் சொன்னதில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை ஆறாவது வாரப் பரிசோதனை. அதற்குள் தொண்ணூறு பாகைக்கு வராவிட்டால் மயக்கம் கொடுத்து முட்டியை மடக்க வேண்டியிருக்கும், இப்படியே விட்டால் உள்ளே தழும்பு இறுகி ஆயுளுக்கும் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளியல் கூடத்துக்கு இறங்கப் பதினேழு படி. அவள் மேஜையில் இப்போது வேறொருத்தி தேய்த்துக்கொண்டிருக்கிறாள். மால்சுன்னுக்காகப் புத்தாண்டு வரைக்கும்தான் காத்திருப்பார்கள் என்று பேச்சு. எழுபது பாகை மடங்குகிற காலை வைத்துக்கொண்டு ஈரப் படியில் கனத்த வாளியோடு யாரும் இறங்க முடியாது. அந்த மேஜை போனால் மால்சுன் என்னவாவாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அதை நினைக்கத் தொடங்கினாலே எழுந்து போய் எல்லோருக்கும் பார்லித் தண்ணீர் ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறாள்.

வெள்ளிக்கிழமை பயிற்சி அறையில் அடுத்த பெஞ்சில் போங்ரே ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். மால்சுன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, வாயில் துண்டைச் சுருட்டி வைத்திருந்தாள். தோ காலைவிட்டு நகர்ந்ததும் துண்டு கீழே விழுந்தது. கிழவி தன் ஊன்றுகோலால் அதைக் கிட்டே இழுத்து, எடுத்துப் பார்த்தார். நடுவே துணி கிழிந்திருந்தது.

"இது ரெண்டாடீ?" என்று கேட்டார்.

மால்சுன் முதலில் மழுப்பினாள், துண்டு பழசு என்றாள். கிழவி துண்டை நீட்டிக்கொண்டே இருந்தார். வேறு வழியில்லாமல் உண்மை வெளியே வந்தது. "நீங்களே நாலுங்கிறப்ப நான் எப்படிக்கா எட்டுன்னு சொல்றது?"

போங்ரே துண்டை மடித்துப் பக்கத்தில் வைத்தார். கோபமா வருத்தமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "நாலு வலிச்சுது, நாலுன்னேன். அது என் கால். உன்னை யாரு அதைப் பார்த்து அளக்கச் சொன்னா?" என்றார். நாளைக்கு நர்சிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். மால்சுன் சரி சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை வைத்து எதையும் நம்ப முடியாது என்பது நாற்பது வருடம் வியாபாரம் செய்த கிழவிக்குத் தெரியாதா என்ன?

சனிக்கிழமை காலை நர்ஸ் வழக்கம்போல ஜன்னலோரத்தில் வந்து நின்றார். போங்ரே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"பத்து," என்றார்.

நர்சின் பேனா நின்றது. முந்தின நாள் மாலை துணையில்லாமல் தாழ்வாரம் முழுக்க நடந்துவிட்டு வந்த ஆள். பத்தா என்று திரும்பக் கேட்டார்.

"பத்துதான். எழுதிக்கம்மா." ஒரு சுளையைப் பிய்த்து நிதானமாக வாயில் போட்டுக்கொண்டார்.

ஒக்பூனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பெரியக்காவைப் பார்த்தாள், தன் முட்டியைப் பார்த்தாள். இப்படித் திடீரென்று விலை ஏறினால் அவள்தான் என்ன செய்வாள்! "அப்ப எனக்கு... ஒம்போது இருக்கும்னு நினைக்கிறேன்," என்றாள்.

நர்ஸ் இந்த ஊர் வார்டுகளில் இருபது வருடம் கழித்தவர். ஒருமுறை இவர் முகத்தையும் அவர் முகத்தையும் பார்த்தார். இரண்டு பேருக்கும் எதுவும் எழுதவில்லை. நேராகக் கதவோரக் கட்டிலுக்கு வந்து, பேனாவைத் தாளின்மேல் வைத்துக் காத்திருந்தார்.

மால்சுன் வாயைத் திறந்தாள். இரண்டு என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பினாள். பெரியக்கா அவளைப் பார்க்கவேயில்லை. வெளியே துறைமுகத்தைப் பார்த்தபடி அடுத்த சுளையில் நார் எடுத்துக்கொண்டிருந்தார். உண்மையில் பத்து வலிக்கிறவர் ஆரஞ்சுக்கு நார் எடுப்பாரா? மால்சுன் அந்த இரண்டை விழுங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

போர்வைக்கடியிலிருந்து கைகளை வெளியே எடுத்தாள். வலது கையை முழுதாக விரித்துக் காட்டினாள். பிறகு இடது கையிலிருந்து ஒரு விரல், இன்னொரு விரல், சற்றுத் தயங்கி மூன்றாவது.