வண்டி மட்டும்

பழைய லாரிகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது என்று சொன்னால் என் வீட்டில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். காலை வணக்கத்தையும் ரோஜாப்பூவையும் ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ மேல். புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கத்து ஆட்கள்தான் அதில் அதிகம். ஓட்டி ஓய்ந்தவர்கள், மெக்கானிக்குகள், டயர்க்கடைக்காரர்கள், அப்பா லாரி ஓட்டினார் என்பதைத் தவிர வேறு தகுதி இல்லாத என்னைப் போன்ற ஆபீஸ் குமாஸ்தாக்கள். ஒருவர் படம் போடுவார். முன்பக்கக் கிரில்லைப் பார்த்து இன்னொருவர் அது எந்த வருஷத்து வண்டி என்பார். "இல்லீங்க, ஹெட்லைட்டு வளையத்த நல்லாப் பாருங்க" என்று மூன்றாமவர் கிளம்புவார். அன்றைய பொழுது போய்விடும்.

குழுவுக்கு ஒரே ஒரு சட்டம்தான். வண்டி மட்டும், ஆள் கூடாது. ஆரம்பத்தில் பம்பர்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மாமன் மச்சான் எல்லாரும் நிற்கிற படங்களாக வந்து விழுந்தன. கூட்டத்துக்குப் பின்னால் எங்கேயோ ஒரு மட்கார்டு மட்டும் தெரியும். குழுவை நடத்துகிற பெரியவர் கடுப்பாகிவிட்டார். "மூஞ்சியப் பாக்கவா குரூப்பு வச்சிருக்கோம்? ஆள வெட்டிட்டுப் போடுங்கய்யா" என்று குரல்பதிவு அனுப்பினார். எல்லோரும் கைதட்டும் பொம்மைகளைப் போட்டு ஏற்றுக்கொண்டோம். அவர் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது. லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். வெறும் சேஸாக வந்து நிற்கும் வண்டிக்கு மரச்சட்டம் அடித்து, பலகை போட்டு, பெயின்ட் அடித்து லாரியாக்கி அனுப்புவார். எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் ஓடிய வண்டிகளில் பாதி அவர் கை பட்டவைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெரியவரே ஒரு படம் போட்டார். எஞ்சின் முன்னால் நீண்டிருக்கும் மூக்கு லாரி. கதவில் கிளி ஜோடி. நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் எனக்குக் கையிலிருந்த டீ ஆறிப்போனதே தெரியவில்லை. எங்கள் அப்பா ஓட்டிய வண்டி. கோட்டைப்பட்டினத்திலிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன வண்டி. வயதான காலத்தில் பேரப்பிள்ளைகள் பெயரையெல்லாம் மறந்தவர், அந்த நம்பரை மட்டும் கேட்ட மாத்திரத்தில் சொல்வார்.

குழுவில் வழக்கம்போல் கிரில், ஹெட்லைட் என்று சண்டை தொடங்கிவிட்டது. நான் அதில் சேரவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில், பானெட்டின் மேல், ஒரு கை இருந்தது. கண்ணாடி வளையல் போட்ட கை. மணிக்கட்டுக்கு மேலே படம் முடிந்துவிட்டது.

ஆவுடையார்கோவிலில் கட்டிக்கொடுத்திருக்கும் என் அக்காவுக்கு போன் போட்டேன். அவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள்.

"கதவுல கிளி போட்டிருக்கா? ரெண்டு கிளியா?" என்று கேட்டாள். "டேய், அது பட்டறையிலேருந்து வண்டி வெளிய வந்த அன்னைக்கு எடுத்த படம்டா. ஆத்தா நின்னுச்சுடா அதுல. ஒன்னய இடுப்புல இடுக்கிக்கிட்டு நின்னுச்சு. ஒரு கையால பொட்டு வச்சுச்சு. நான் இந்தப் பக்கம் எலுமிச்சம்பழத்த வச்சுக்கிட்டு நின்னேன்."

எங்கள் அம்மாவுக்குப் படம் கிடையாது. எனக்கு இரண்டு வயது முடியுமுன் போய்ச் சேர்ந்தவள். கல்யாணத்துக்குப் படம் எடுக்கவில்லை, அதற்குப் பிறகும் யாருக்கும் தோன்றவில்லை. வருஷா வருஷம் படையல் போடும்போது அப்பா படத்துக்கு மாலை போடுகிறோம். பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு பலகையில் புதுச்சேலையை மடித்து வைத்து, அதன்மேல் பூவை வைக்கிறோம். சேலைக்கு மூஞ்சி உண்டா? ஐம்பத்தைந்து வயதில் ஒருவன் அம்மா எப்படி இருப்பாள் என்று ஏங்கினால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்கு இருந்த ஏக்கம் எனக்குத்தான் தெரியும்.

அன்று மத்தியானமே கிளம்பிவிட்டேன். பெரியவர் வீடு திருக்கோகர்ணம் பக்கம். சாப்பாட்டு வேளையில் போய் நின்றேன் என்று அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வாங்க தம்பி, வாங்க. கிளி வண்டிக்காகத்தானே வந்திருக்கீங்க? எனக்குத் தெரியும்" என்று சிரித்தார். நம்மைப் போல் ஒரு லாரிப் பைத்தியம் வெயிலையும் பாராமல் வந்திருக்கிறதே என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

"அந்தப் படத்துல நின்ன ஆளுங்களோட முழுப் படம் இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. எங்க பட்டறையில அது ஒரு பழக்கம் தம்பி. வண்டி வெளிய போறப்ப மொத பொட்டு ஓனர் வீட்டம்மா வைக்கக் கூடாது. ஓட்டுறவன் பொண்டாட்டிதான் வைக்கணும். ராத்திரி ரோட்டுல போறவன் தாலி அவ கழுத்துலதானே கெடக்கு? பொட்டு வச்ச கையோட ஒரு படம் எடுப்போம். ஓனருக்கு ஒரு காப்பி, பட்டறைக்கு ஒரு காப்பி."

ஓட்டுகிறவனுக்குக் காப்பி கிடையாது என்பதை அவர் சொல்லவில்லை. நானே புரிந்துகொண்டேன். ஓனர் குடும்பம் எப்போதோ நொடித்துப்போய் ஊரைவிட்டே போய்விட்டது. படம் எடுத்த ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது.

உள்ளே போய் ஒரு பெரிய அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆடி கழிந்ததும் மண்டபத்தில் குழுவின் முதல் கூட்டம் நடக்கவிருந்தது. அதில் வைப்பதற்காகத் தன்னிடம் இருந்த படங்களையெல்லாம் கத்தரித்து, லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதுபோல் ஒட்டியிருந்தார். சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. ஒரு வண்டியிலும் ஆள் இல்லை.

"போன வாரம் பூரா இதே வேலைதான். மொதல்ல வெட்டி ஒட்டிட்டு, அப்புறந்தான் போன்ல எடுத்து ஒண்ணொண்ணாப் போடுறேன்" என்றார்.

போன வாரம்! ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரு டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்த படம். ஒரு வாரம் முன்னால் ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

"வெட்டுன துண்டெல்லாம் எங்கங்க?"

"அதச் சேத்து அடுப்புல போட்டுட்டேன். ஆளு மூஞ்சி பாருங்க, குப்பையில போட்டா யாராச்சும் மிதிச்சுருவாங்க. பாவமில்லையா? ஒரு கட்டி சூடத்த வச்சுத்தான் கொளுத்துனேன்."

அந்தச் சூடம் இல்லையென்றால் நான் கத்தியிருப்பேன். மனுஷனா நீர் என்று கேட்டிருப்பேன். மரியாதையோடு எரித்தவரிடம் என்னத்தைச் சொல்ல?

மெல்லக் கேட்டேன். "அந்தம்மா எப்படி இருந்தாங்கன்னு ஞாபகம் இருக்குங்களா?"

அவர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வண்டியின் பக்கப்பலகை வேங்கை மரம் என்று சொன்னார். கிளியை வரைந்த பெயின்டர் மூக்குக்குச் சிவப்பு போதாமல் மறுநாள் வந்து முடித்தான் என்று சொன்னார். இடது ஹெட்லைட் கண்ணாடியில் முதல் நாளே கீறல் விழுந்துவிட்டதாம். அதுவும் ஞாபகம் இருந்தது. பிறகு தலையைச் சொறிந்தார்.

"ஒரு பொம்பளப்புள்ள நின்னுச்சு. இடுப்புல ஒரு புள்ள. கீழ ஒரு சின்னக்குட்டி. மூஞ்சியக் கவனிக்கலையே தம்பி. கத்தரிக்கோலு ஹெட்லைட்டுல பட்டுறக் கூடாதேன்னுல்ல கண்ணு பூரா இருந்துச்சு. அந்தக் கைய வெட்டுனா பானெட்டும் போயிரும்னு அத மட்டும் விட்டேன்." அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். "ஏந்தம்பி, யாரு அவங்க?"

"எங்கம்மாங்க. இடுப்புல இருந்தது நானு."

பெரியவர் அட்டையை மெதுவாகக் கீழே வைத்தார். அப்புறம் நகத்தால் அந்தப் படத்தை அட்டையிலிருந்து உரிக்கத் தொடங்கினார். பசை நன்றாகப் பிடித்திருந்தது. முனை கிழிய ஆரம்பித்ததும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாங்க, கிழிஞ்சிரும். நான் போன்லயே எடுத்துக்கிறேன்" என்றேன். "நான் பாவி தம்பி, படுபாவி" என்று அவர் அழுததைப் பார்க்கச் சகிக்கவில்லை. நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அங்கிருந்து நேரே ஆவுடையார்கோவிலுக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்தேன். முழுப் படத்தைக் கேட்டு வாங்கி வருகிறேன் என்று காலையில் சொல்லியிருந்ததால் அவள் வாசலிலேயே நின்றாள். பேரன் எங்கேயோ எடுத்துப் போட்டிருந்த தன் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்துக்கூட வைத்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னது அவள் காதில் ஏறியதா என்று தெரியவில்லை. போனை வாங்கிக் கையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஆத்தா கைதான்டா. இந்த வளவி நானும் கூடப் போய் வாங்குனது" என்றாள். முகம் மலர்ந்துபோயிற்று.

பிறகு கையிலிருந்து மேலே போக விரலால் படத்தை இழுத்தாள். அது ஓரம்வரை வந்து நின்றது. விரலை எடுத்ததும் பழைய இடத்துக்கே போயிற்று. இன்னொரு தடவை இழுத்தாள். இந்த போனைப் பற்றி அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது. தனக்குத்தான் இழுக்க வரவில்லை என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. விரலை முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். அப்புறம் போனை என்னிடம் நீட்டினாள்.

"எனக்கு நகர மாட்டேங்குதுடா. நீ கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளிக் காட்டு" என்றாள்.