சட்டியில் ஊற்றிய பினாயில்

"சட்டம்னு ஒண்ணு இருக்கில்லம்மா" என்று இன்றைக்கும் யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த வாக்கியத்தை என் முகத்துக்கு நேரே சொன்னவர் எங்கள் தமிழ் ஆட்களில் ஒருவர். அதனால்தான் ஆறவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் மராத்திக்காரர்கள் ஊரான தேஹு ரோட்டில், ராணுவ டிப்போ குவார்ட்டர்ஸில் இருந்தோம். நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலைக்குத் தர்மபுரிப் பக்கமிருந்து வந்த சனங்கள் எங்கள் மதிலுக்கு வெளியே தார்ப்பாய்க் குடிசை போட்டிருந்தார்கள். அந்த ஆடியில் மழை விடவே இல்லை. மழை பெய்தால் வேலை கிடையாது, வேலை இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. ரேஷன் கார்டு எல்லாரிடமும் இருந்தது, தர்மபுரிக் கார்டு. அதை நீட்டினால் இங்கே கடைக்காரன் சிரித்தான்.

அங்கே அக்காவும் தங்கையுமாக ஒரு குடிசை. தங்கை அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். பச்சை உடம்புக்கு வெறும் டீயும் பாவு ரொட்டியும்தான் ஆகாரம். பால் சுரக்கவில்லை. அழுது அழுது குழந்தைக்குக் குரல் கம்மிப் போயிருந்தது. நான் சோறு கொண்டுபோனால், அது பக்கத்துக் குடிசைப் பிள்ளைகளின் கண் முன்னால் எத்தனை வாய்க்கு எட்டும்?

ஒருநாள் விடிகாலையில் லாரி அடித்து ரோட்டோரம் ஒரு மான் செத்துக் கிடந்தது. பெரிய மான். உடம்புச் சூடு ஆறுவதற்குள் குடிசைக்காரர்கள் ஒரு தொடையை அறுத்துக்கொண்டார்கள். மிச்சத்தை எடுப்பதற்குள் வனத்துறை ஜீப் வந்துவிட்டது. எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் போன் போட்டிருக்கிறார். டிப்போவில் அதிகாரி, பொங்கல் விழாவுக்கு மேடையில் முதல் நாற்காலி அவருக்குத்தான்.

ஜீப்பில் வந்தவர்கள் குழி வெட்டினார்கள். அத்தனை கறியின்மேலும் பினாயிலை ஊற்றி, யாரும் தோண்டித் தின்றுவிடக் கூடாதென்று மண்ணை மிதித்து மூடினார்கள். குடிசை மொத்தமும் மழையில் நின்று பார்த்தது. உயிரோடு ஓடுகிற மானைக் காப்பாற்றச் சட்டம் வேண்டும், எனக்கும் புரிகிறது. லாரிக்காரன் கொன்றுபோட்ட மானைப் புதைத்து யாரைக் காப்பாற்றினார்கள்? பசித்தவனிடமிருந்து பிணத்தைக் காப்பாற்றினார்கள், வேறென்ன.

நான் மிளகும் மல்லித்தூளும் மடித்துக்கொண்டு அக்காவின் குடிசைக்குப் போனேன். அவள் பங்குக் கறி சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. "ரசமாட்டம் ரெண்டு கிளாசு உள்ள எறங்குனா பால் ஊறிடும்க்கா" என்றாள். தங்கை தார்ப்பாய் ஓரம் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அந்த வாசனைக்கே அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

அப்போது ஜீப்பில் வந்த வனக்காவலர் ஒருவர் தலையை உள்ளே நீட்டினார். தொடை காணவில்லையே, தேடித்தானே ஆகவேண்டும். அவருக்குப் பின்னால் குடையோடு சங்கத்துப் பெரியவர்.

"காய் ஷிஜ்தய்?" என்ன வேகிறது என்று காவலர் மராத்தியில் கேட்டார்.

அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். பயத்தில் "மான்" என்று சொல்லிவிட்டாள்.

காவலரோ தலையாட்டினார். மராத்தியில் மான் என்றால் கழுத்து. "போக்டாச்சி மான்?" ஆட்டுக் கழுத்தா என்று கேட்டார். அவளுக்கு எது விளங்கியதோ, "ஹோ, ஹோ" என்று ஆமாம் போட்டாள். காவலர் திரும்பி, இரண்டு எட்டு நடந்தும்விட்டார்.

"சாஹேப்" என்றார் நம்மவர். "ஆம்ச்யா பாஷேத் மான் ம்ஹணஜே ஹரீண்." எங்கள் பாஷையில் மான் என்றால் ஹரீண், அந்த மிருகமேதான் என்று. சுத்தமான மராத்தி. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்ததே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"தும்ஹாலா கோணி விசாரலம்?" உம்மை யார் கேட்டது என்று காவலர் எரிந்து விழுந்தார். ஆனால் காதில் விழுந்த பிறகு அவரால் போக முடியவில்லை. சட்டியை இறக்கினார்கள். கொதிக்கிற குழம்பில் பினாயிலை ஊற்றினார்கள். அக்காவை ஜீப்பில் ஏற்றினார்கள்.

"உங்களுக்கு வாயில என்ன கொள்ளிக்கட்டையா?" என்று நான் நடுரோட்டில் கத்தினேன். "பிள்ளை பெத்தவ குடிக்கிற கஞ்சிங்க அது!"

"சட்டம்னு ஒண்ணு இருக்கில்லம்மா. நாளைக்கு நம்ம தமிழாளுங்க பேருதானே கெடும்?" என்றார். சேற்றுத் தண்ணீர் வேட்டியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அக்காவை மறுநாள் விட்டார்கள். அவள் இல்லாத அந்த இரவு முழுக்க, தங்கை வற்றிய மாரைக் குழந்தையின் வாயில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். நான் டப்பாப் பாலைக் கரைத்துப் புகட்டினேன். பாதி வெளியே வந்தது.

மழை விட்டு வேலை தொடங்கிய பிறகு, தார் டிரம் பக்கத்தில் அக்காவைப் பார்த்தேன். ஓடிப்போய், "பாப்பா எப்படி இருக்கு? தங்கச்சிக்குப் பால் வருதா?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது, அது கண்ணிலேயே இருந்தது. "மாலூம் நஹி, பாயி" என்று, தெரியாதம்மா என்பதை என்னிடமே இந்தியில் சொல்லிவிட்டு ஜல்லிக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.