வெள்ளைச் சிங்கத்தின் நெற்றிப் பொட்டு

காலை ஒன்பது நாற்பத்திரண்டு.

நேரத்தை இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறாள் என்கிறீர்களா? எங்கள் கராஜில் கேமரா இருக்கிறது. எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் கிண்ணத்தோடு நான் நுழைவது... சுற்றும் முற்றும் பார்ப்பது... பிறகு, மலர்ந்த முகத்தோடு, என் மகளின் ஒன்றரை வருட உழைப்பின் நெற்றியில் மோதிர விரலை அழுத்திப் பொட்டு வைப்பது.

போன சனிக்கிழமை நடந்தது.

முதலில் என் மகள் செய்யும் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கயல் சிலை செய்கிறாள். சாமி சிலை இல்லை. பொம்மையும் இல்லை. இதுவரை யாரும் பார்த்திராத, அவள் மனதில் மட்டும் இருக்கிற மாய மிருகங்களும் வீராங்கனைகளும். கம்ப்யூட்டரில் களிமண் பிசைவது போலப் பிசைந்து உருவாக்குகிறாள். பிறகு ரெசின் என்ற பிசின் திரவத்தில் துண்டு துண்டாகப் பிரின்ட் எடுத்து, ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்ப்ரேயில் வண்ணம் அடிக்கிறாள். அப்படி உருவாகும் முதல் சிலைக்குப் பெயர் மாஸ்டர். அதைப் பார்த்துத்தான் தொழிற்சாலையில் பிரதிகள் எடுப்பார்கள். மொத்தம் இருநூறு பிரதிகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு எண் இருக்கும். இருநூற்று ஒன்றாவது கிடையவே கிடையாது.

நல்ல வேலையை விட்டுவிட்டுத்தான் இதில் இறங்கினாள். எங்கள் மான்மவுத் ஜங்ஷன் வீட்டில் இரண்டு கார் நிற்கிற கராஜ் அவளுடைய தொழிற்கூடமாகிவிட்டது. கார்கள் இரண்டும் மழையிலும் பனியிலும் வெளியேதான் நிற்கின்றன.

"கயல் பொம்மை பண்றாளாமே? எப்போ வேலைக்குத் திரும்புறா?" என்று பாட்லக் விருந்தில் ஒரு தோழி கேட்டபோது, இன்னொரு வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். எனக்கே பதில் தெரியாதே... ஒரு மாதக் கார் தவணைக்கு மேல் கொடுத்து இதை யார் வாங்குவார்கள்? கும்பிடவும் மாட்டார்கள். குழந்தைக்கு விளையாடவும் தர மாட்டார்கள். பின்னே எதற்கு?

வருகிற பிப்ரவரியில் அவளுக்கு இருபத்தாறு ஆகிறது. அன்றோடு எங்கள் ஆபீஸ் மருத்துவ இன்ஷூரன்ஸிலிருந்து அவள் பெயர் போய்விடும். அதனால் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். பென்சில்வேனியாவிலிருந்து வால்டர் என்பவர் வந்து மாஸ்டரைப் பார்ப்பார். சேகரிப்பாளர்களுக்கான கடைகளுக்குச் சிலைகள் அனுப்பும் விநியோகஸ்தர் அவர். பிடித்துத் தன் கேட்டலாக்கில் போட்டால் தொழில் தொடரும். இல்லாவிட்டால் கராஜைக் காலி பண்ணிவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்கு அப்ளை பண்ணுவதாக அவளே சொல்லியிருந்தாள்.

வால்டர் வருவதாகச் சொன்னது சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு. அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் ஆயுத பூஜையும். பஞ்சாங்கத்தில் வேறு கிழமையாக இருந்தாலும், இங்கே நமக்கு எல்லாப் பண்டிகையும் சனிக்கிழமைதானே!

என் கணவர் ரகு வெளியே கார்ச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். கயல் குளிக்கப் போயிருந்தாள். சந்தனம் தீர்ந்துவிட்டதால் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு நான் கராஜுக்குப் போனேன். பிரின்டருக்கு ஒரு பொட்டு. கம்ப்ரெஸருக்கு ஒன்று. கத்தரிக்கோலுக்குக்கூட ஒன்று. எல்லாவற்றுக்கும் முதலில் மஞ்சள், மேலே குங்குமம்.

திரும்பினால், நடு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் சேவிரா. அதுதான் அந்த மாஸ்டரின் பெயர். இரண்டடி உயரம். ஆட்டுக்கடா கொம்பும் இறக்கையும் உள்ள பெண் சிங்கம். பனிமலையின் கடைசிக் காவல்காரியாம். உடம்பெல்லாம் தூய வெள்ளை. மேலிருந்து ஒரு விளக்கு வெளிச்சம் வேறு விழுகிறது.

நீங்களே சொல்லுங்கள். ஒரு சிலையை வெள்ளைத் துணிமேல் ஏற்றி, விளக்கும் போட்டு வைத்தால், ஆயுத பூஜை அன்று நம் கை சும்மா இருக்குமா?

நெற்றியில் ஒன்று. மார்பில் ஒன்று. முன்னங்கால் இரண்டிலும் ஒவ்வொன்று. ‘தாயே, என் பெண்ணுக்கு வழிகாட்டு’ என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால், ஈரத் தலையோடு வாசலில் கயல்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அம்மா. ஸ்டாப். டோன்ட் டச் எனிதிங்."

அவ்வளவுதான் சொன்னாள். மெதுவாக, வெடிகுண்டுக்குப் பக்கத்தில் நிற்பவளிடம் சொல்வது போல.

பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றிக் குங்குமத்தை எடுத்தாள். வந்துவிட்டது. மஞ்சள் வரவில்லை. பளபளப்பே இல்லாத அந்த வெள்ளை, சுண்ணாம்புச் சுவர் போல மஞ்சளைக் குடித்துவிட்டது. நெற்றியில் கால் டாலர் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம். உள்ளே வந்த ரகு, நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டுப் பார்க்கலாமே என்றார். அது மஞ்சளோடு பெயின்ட்டையும் சேர்த்து எடுத்துவிடும் என்று கயல் சொன்ன விதத்தில், மனிதர் மூலையில் போய் நின்றுகொண்டார். திரும்ப வண்ணம் அடித்தால்? ஒவ்வொரு பூச்சாகக் காய இரண்டு நாள் ஆகுமாம். இதற்குள் மணி பத்தரை; வால்டர் வர இரண்டரை மணி நேரம்தான் இருந்தது.

அவரை வேறு நாள் வரச் சொல்லலாமே என்றேன். இந்த வாரத்தோடு அவருடைய கேட்டலாக் முடிகிறது என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் இருபத்தைந்து வயதுப் பெண், முழங்காலைக் கட்டிக்கொண்டு, பிரின்டரில் சாய்ந்து... அந்தப் பிரின்டரிலும் என் பொட்டு.

மகள் விஷயத்தில் எனக்கு எப்போதும் இதே கதைதான். பயம் வந்தால் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. எதையாவது செய்தாக வேண்டும். அவள் ரெஸ்யூமேயில் நான் திருத்திய வரிகள் எத்தனை, அவள் டீச்சர்களுக்கு நான் எழுதிய மெயில்கள் எத்தனை! அவற்றுக்கெல்லாம் அக்கறை என்று பெயர் வைத்திருந்தேன். விரலில் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்ததால் இந்த முறை கறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. இவ்வளவுதான் வித்தியாசம்.

ஏதோ புலம்பினேன். வெள்ளைச் சட்டையில் சாம்பார் மஞ்சள் பட்டால் அலசி வெயிலில் போடுவோமே, ஒரே நாளில் போய்விடுமே, இந்த ஊரில் வெயிலுக்கு எங்கே போவது... வெளியே வானம் சாம்பல் நிறத்தில் மூடிக்கிடந்தது.

கயல் தலையைத் தூக்கினாள்.

"வெயிட். சன்லைட்ல போயிடுமா? ஃபார் ரியல்?"

போய்விடும் என்றேன். துணியில் போகும், சிலையில் தெரியாது என்றேன்.

அவ்வளவுதான்... எழுந்துவிட்டாள்! ரெசினை இறுக வைப்பதற்கு அவளிடம் புற ஊதா விளக்குகள் இரண்டு இருக்கின்றன. வெயிலில் வேலை செய்வதும் அதே ஒளிதானாம். கராஜுக்குள்ளேயே இரண்டு குட்டிச் சூரியன்களை வைத்துக்கொண்டு நான் வானத்தைப் பார்த்துப் புலம்பியிருக்கிறேன்!

ஆனால் நேராகச் சேவிராமேல் அடிக்கவில்லை. அங்கேதான் என் அவசரம் அவளுக்கு இல்லை என்று தெரிந்தது. பொறுமையாக, பழைய உடைந்த இறக்கை ஒன்றை எடுத்தாள். அதே வெள்ளை. என்னையே கூப்பிட்டு அதில் மஞ்சள் வைக்கச் சொன்னாள். வைத்தேன். பஞ்சால் துடைத்து, விளக்கைக் காட்டினாள். பெயின்ட் நிறம் மாறினால் எல்லாம் முடிந்தது. ஐந்து நிமிடம், ஒன்றுமில்லை. பதினைந்து நிமிடம்... ரகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். மஞ்சள் வெளுத்திருக்கிறதா, இல்லை எங்கள் ஆசையா? நாற்பதாவது நிமிடம் விளக்கை அணைத்துப் பார்த்தால், பொட்டு வைத்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்? கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்ப்பீர்களே, அதுபோல! பட்டுப்புடவைக்கு மேல் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நான் ஒரு விளக்கைப் பிடித்தேன். கயல் இன்னொன்று. ரகு போனில் டைமர். பூஜைக்கு வைத்த சுண்டல் ஆறியது, யாரும் தொடவில்லை. நெற்றி வெளுக்கிறது. வலது கால் வெளுக்கிறது. கை வலித்தது, மாற்றச் சொல்லிக் கேட்க மனம் வரவில்லை. ‘கொஞ்சம் லெஃப்ட், மா... பர்ஃபெக்ட், அப்படியே இரு’ என்கிறாள். ஒன்றரை வருடத்தில் முதல் முறையாக அந்தக் கராஜில் எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். விளக்கு வெளிச்சத்தில் அப்போதுதான் சேவிராவை அருகில் பார்த்தேன். இறக்கைக்கு அடியில், யாருமே குனிந்து பார்க்காத இடத்தில்கூட, ஒவ்வொரு இறகும் தனித்தனியாகச் செதுக்கப்பட்டிருந்தது.

ஒரு மணி. நெற்றி போய்விட்டது, கால்கள் போய்விட்டன. மார்பில் மட்டும் மூச்சுக்காற்று பட்டது போல ஒரு சாயல். தெரிந்தவர்கள் தேடினால் தெரியும்.

வால்டரைக் காணவில்லை. ஒன்று நாற்பது. இரண்டு. டர்ன்பைக் நெடுஞ்சாலையில் டிராஃபிக் என்று ஒரு மெசேஜ் வந்தது. காத்திருந்த நேரத்தில்தான் கயல் சொன்னாள், அவரிடம் நடந்ததைச் சொல்லப் போவதாக. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சொல்லாதடி. அவருக்கு எங்கே தெரியப் போகுது?"

எப்போதும் இங்கிலீஷ் கலந்தே பதில் சொல்கிறவள், சுத்தமாகத் தமிழில் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்லம்மா."

இரண்டு இருபத்தைந்துக்கு வாசலில் வேன் நின்றது. அறுபது வயது இருக்கும், வெள்ளைத் தாடி, பெரிய உருவம். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டவர், சேவிராவைப் பார்த்ததும் நேரே அதனிடம் போனார். சுற்றி வந்தார். முதுகைப் பார்த்தார். பிறகு அவ்வளவு பெரிய மனிதர், எங்கள் கராஜ் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார்! உயரமான அலமாரியில் வைத்தால் கீழிருந்து எப்படித் தெரியும் என்று பார்க்கிறாராம். சட்டைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து இறக்கையின் அடியில் அடித்தார். அந்த இறகுகள்மேல்.

அவர் எழுந்ததும் கயல் எல்லாவற்றையும் சொன்னாள். பூஜை, மஞ்சள், விளக்கு, எல்லாம். மார்பில் இன்னும் ஒரு சாயல் இருக்கிறது, அனுப்பும் பிரதிகளில் அது இருக்காது என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது. வால்டர் என்னைப் பார்த்தார். டார்ச்சை மார்பில் அடித்து, நிதானமாகத் தேடினார். தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று எனக்குப் புரியவில்லை.

இந்தச் சிலையை விற்க வேறு யாராவது கேட்டிருக்கிறார்களா என்றார். யாரும் கேட்கவில்லை என்றாள் கயல். ‘இரண்டு பேர் கேட்கிறார்கள் என்று சொல்லேண்டி’ என்று கிள்ளத் துடித்த என் கையை, வாழ்க்கையில் முதல் முறையாக, புடவைக்குள்ளேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வால்டர் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டார். அவர் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

"நூற்றுத் தொண்ணூற்றொன்பதை நான் விற்றுத் தருகிறேன். ஒன்றாம் நம்பர் என் வீட்டுக்கு."