சும்மா நின்ற கோல்கீப்பர்

எலாதியோவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. லுவெர்னா துறைமுகத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பாதிரியார் பூசையை முடிப்பதற்குள் தேவாலயத்தை விட்டு மூன்று தடவை வெளியே போய் வந்துவிடுவான். சாப்பிட உட்கார்ந்தால் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே ஜன்னலுக்கு நடப்பான், அங்கிருந்து கதவுக்கு நடப்பான். இப்படிப்பட்டவனைப் பிடித்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிறுத்திய புண்ணியவான் யாரோ! ஆள் நெடுநெடுவென்று இருந்தான், கை அகலமாக இருந்தது, பந்தைக் கண்டு பயப்படவில்லை. கோல்கீப்பருக்கு இது போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

பந்து எங்கேயோ நடுமைதானத்தில் இருக்கும்போதே இவன் கோட்டை விட்டு வெளியே வந்துவிடுவான். எதிரணிக்காரன் காலிலிருந்து பந்தைப் பறித்துவிட்டால் கைதட்டல். தலைக்கு மேலே போய்விட்டால் காலி கோல், அப்புறம் வசவு. அவனுக்கு ‘உலாத்தி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"அடேய் உலாத்தி, வீட்டத் தொறந்து போட்டுட்டு எங்கடா போற?" என்று மீன்காரிகள் கத்துவார்கள்.

"பால் வாங்கப் போறேன், வர்றியா?" என்று இவனும் கத்துவான்.

ஆனாலும் அந்தத் தொழிலை விட அவனுக்கு மனமில்லை. காரணம் கடல். அந்த ஊரில் பந்து இல்லையென்றால் படகுதான். கல்யாணமான புதிதில் அவன் மனைவி பெனிக்னாவின் அண்ணன் ஹெனாரோ, மத்தி பிடிக்க அவனைக் கூட்டிக்கொண்டு போனான். கரையில் ஒரு நொடி நிற்காத மனிதன், படகு ஆடத் தொடங்கியதும் பாய்மரக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தான். முகம் பச்சையாகிவிட்டது. திரும்பி வரும்வரை ஒரு விரலை அசைக்கவில்லை.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரர வந்து பிரிச்சு எடுத்துட்டுப் போ. கம்பத்தோட ஒட்டிக்கிட்டாரு" என்று ஹெனாரோ கரையிலிருந்து கூவினான். துறைமுகமே சிரித்தது. பெனிக்னா சிரிக்கவில்லை. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

பன்னிரண்டு வருடங்கள் அவன் லுவெர்னாவின் கோலைக் காத்தான். நடுவில் பெரிய நகரத்து அணி ஒன்று கூப்பிட்டு ஒரு பருவம் வைத்துப் பார்த்தது. ‘இந்த ஆள் கோல்கீப்பரா, தபால்காரனா?’ என்று அங்கத்துப் பத்திரிகை எழுதியது. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பன்னிரண்டாம் வருடத்துப் பருவத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஜெயித்தால் இரண்டாம் பிரிவில் நீடிக்கலாம். டிரா ஆனாலும் கீழே இறங்க வேண்டியதுதான். கிளப் தலைவர் எவெலியோவை எல்லோரும் மரியாதைக்குத் ‘தோன்’ சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள், நெத்திலிப் பதப்படுத்தும் ஆலைக்கும் அவரே முதலாளி. ஆட்டத்துக்கு முன்னால் உடை மாற்றும் அறைக்கே வந்து விரலை ஆட்டினார்.

"இன்னிக்குக் கோட்ட விட்டு வெளிய வந்து கோல் விட்டேன்னு வை, அடுத்த பருவம் நீ ஹெனாரோ படகுலதான். சும்மா நில்லு. உன்னால முடியாதா? ஒரு மனுசன் சும்மா நிக்கிறதுல என்னய்யா கஷ்டம்?"

"முயற்சி பண்றேன், தோன் எவெலியோ."

முயற்சி பண்ணத்தான் செய்தான். பாதி ஆட்டம்வரை கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடந்தே சமாளித்தான். லுவெர்னா ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதியில் பந்து ஒன்று உயர்ந்து வந்தது. கால் கேட்கவில்லை. ஓடிப்போய்க் குத்தி விரட்டினான், பந்து போய்விட்டது. ஆனால் பாய்ந்து வந்த எதிரணிக்காரனின் முழங்கால் அவன் தோளில் இறங்கியது. வலது காறை எலும்பு முறிந்த சத்தம் முன்வரிசைக்குக் கேட்டது.

அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரன் என்ற பேச்சே கிடையாது. அடிபட்டவன் வெளியே போனால் பத்துப் பேர்தான். அதனால் எல்லா அணியும் செய்வதையே லுவெர்னாவும் செய்தது. நடுத் தடுப்பாட்டக்காரன் ஃபெர்மின், எலாதியோவின் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு கோலுக்குள் போனான். பெனிக்னா தலைத்துணியை அவிழ்த்துக் கணவனின் கையை நெஞ்சோடு கட்டினாள். அவனை வலது ஓரத்துக்கு அனுப்பினார்கள்.

"நீ ஒண்ணும் கிழிக்க வேணாம். சும்மா நில்லு. உன்னப் பாத்துக்க அவங்கள்ல ஒருத்தன் நிப்பான்ல, அது போதும்" என்றான் ஃபெர்மின்.

மறுபடியும் அதே சும்மா நில்லு! கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் ஓடத் தொடங்கினான். முன்னால் புல், பக்கத்தில் கோடு, தடுக்க ஒருவருமில்லை. கை கட்டியிருந்ததால் கோணலாக ஓடினான். வலி உச்சந்தலைக்கு ஏறியது, அப்படியும் சிரித்தான். காவலுக்கு நின்றவன் மூச்சு வாங்கி, "என்னய்யா, உனக்கு உடம்பு சரியில்லன்னாங்க?" என்று கேட்டேவிட்டான்.

ஆட்டம் முடியப்போகிற நேரம், எதிரணிக்கு மூலை உதை. எலாதியோ முழு மைதானத்தையும் கடந்து தன் கோலுக்கு முன்னால் ஓடி வந்தான். பந்து மிதந்து வந்தது. ஃபெர்மின் கோட்டிலேயே நின்றான்.

"வெளிய வாடா! வெளிய வா!" என்று எலாதியோ அலறினான். ஃபெர்மின் வரவில்லை. எலாதியோ எம்பி, இடது கையை நீட்டி, பந்தை அணைத்து நெஞ்சில் பிடித்தான். பன்னிரண்டு வருடத்தில் அவன் பிடித்த பந்துகளிலேயே சுத்தமான பிடி அதுதான்.

தான் இப்போது கோல்கீப்பர் இல்லை என்பது விசில் ஊதிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பெனால்ட்டி.

ஃபெர்மின் கம்பளிச் சட்டையைக் கழற்றி நீட்டினான். "நீ பிடிச்ச பந்து. நீயே நில்லு."

நடுவரிடம் சொல்லிவிட்டால் கோல்கீப்பரை மாற்றிக்கொள்ளலாம். சொன்னார்கள். சட்டையை மாட்டும்போது எலும்பு மறுபடி விலகியது. எதிரே, எதிரணியின் முன்னாட்டக்காரன் லிசார்தோ பந்தை வைத்தான். பெனால்ட்டி என்றால் உலாத்தி முன்னமே ஒரு பக்கம் பாய்ந்துவிடுவான், பொறுமையாக இருந்து மறுபக்கம் தட்டினால் போதும் என்பது லிசார்தோவுக்குத் தெரியும். போன தடவை அப்படித்தான் கோல் போட்டான். ஓடி வந்தான், வேகத்தைக் குறைத்தான், காத்திருந்தான். எலாதியோ அசையவில்லை. லிசார்தோ இன்னும் காத்திருந்தான். வேறு வழி தெரியாமல் நேராக உதைத்தான். பந்து எலாதியோவின் வயிற்றில் மோதியது. அவன் அதன் மேலேயே மடிந்து விழுந்தான்.

கடைசி விசில் ஊதியது, லுவெர்னா ஜெயித்துவிட்டது. தோன் எவெலியோ மைதானத்துக்குள் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டார். "இதத்தானேய்யா பன்னெண்டு வருஷமா சொன்னேன்! சும்மா நில்லுன்னு!" முறிந்த எலும்பின் மேல் அவர் அணைத்த அணைப்பில் எலாதியோ மயங்கிவிட்டான்.

எலும்பு கோணலாகச் சேர்ந்தது. வலது கை காதுக்கு மேல் போகவில்லை. அதோடு அவன் பந்தாட்டம் முடிந்தது. ஆனால் ஊர் அவனைக் கைவிடவில்லை, அதுதான் கொடுமை. உலாத்தி என்ற பெயர் போய் ‘தூண்’ என்று பெயர் வந்தது. தோன் எவெலியோ அவனுக்கு ஆலை வாசலில் ஒரு நாற்காலி போட்டுக் காவல் வேலை கொடுத்தார். வருகிறவர்களிடமெல்லாம், "இவர்தான்! மலையே வந்தாலும் அசைய மாட்டார்" என்று காட்டுவார். எலாதியோ நாற்காலியில் உட்கார்ந்து காலால் மண்ணைத் தேய்த்தான். அந்தக் கோடை முடிவதற்குள் நாற்காலிக்கு முன்னால் இரண்டு குழி விழுந்துவிட்டது.

ஒரு மத்தியானம் மத்தியும் உருளைக்கிழங்கும் ஆறிக்கொண்டிருந்தன. எலாதியோ ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தான்.

"பெனிக்னா, அன்னிக்கு நான் நிக்கல."

"ம்."

"இடது பக்கம் பாயணும்னுதான் நெனச்சேன். கால் வரல. வலியில குமட்டிக்கிட்டு வந்துச்சு, அப்படியே மரத்துப் போயிட்டேன். ஊரே என்னத் தூண்ங்குது."

பெனிக்னா மீனின் முள்ளை எடுத்தபடி இருந்தாள். "தெரியும். எங்க அண்ணன் படகுல பாத்த மூஞ்சிதான் அது. எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"உனக்கு அந்தப் பேரு பிடிச்சிருக்குன்னு நெனச்சேன்யா. சந்தோஷமா இருக்கேன்னு நெனச்சேன்."

"சந்தோஷம்..." அவன் நடப்பதை நிறுத்தினான். "அந்த ஓரத்துல ஓடினேனே, அப்ப இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவள் அவனைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, கோபமும் வந்தது. "பைத்தியக்கார மனுசா, அப்புறம் எதுக்கு அந்த நாற்காலியில போய் உக்காந்திருக்க?"

மறுநாள் அவன் தோன் எவெலியோவிடம் போய் உள்ளதைச் சொன்னான். அவர் நம்பவில்லை. "என்ன அடக்கம், என்ன அடக்கம்!" என்று முதுகில் தட்டினார். எலாதியோ வாசல் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் இடது தோளில் கூடையைத் தொங்கவிட்டு, மலையூர்களுக்கு நடந்தே மீன் விற்கப் போனான். ஆலையில் வாங்கிய கூலியில் பாதிகூடக் கிடைக்கவில்லை. கௌரவமான வேலையை உதறிவிட்டானே என்று துறைமுகம் அவன்மேல் மனத்தாங்கலோடு இருந்தது. மேலே மலையில் அந்தப் பெனால்ட்டியைப் பற்றி யாரும் கேள்விப்பட்டதில்லை.

"இந்த மீன்காரன் ஒரு நிமிஷம் நிக்கிறானா பாரு! காச எடுத்துட்டு வர்றதுக்குள்ள அடுத்த வாசலுக்குப் போயிட்டான்!" என்று அங்கே பெண்கள் திட்டுவார்கள்.

அவன் திரும்பிப் பார்க்காமல், கோணலாக, சிரித்துக்கொண்டே போவான்.