எங்கள் கிணற்றுப் பங்கு

மழை பெய்து ஓய்ந்த கையோடு எங்கள் இலண்டன் அயலவர் ஹெலன் அம்மையார் குழாய்நீரால் காரைக் கழுவுவார். வானம் கழுவியதை மீண்டும் ஏன் கழுவுகிறார் என்று நான் கேட்டதில்லை. கடந்த சனிக்கிழமை அவர்தான் கேட்டார், என் நாட்டில் ஆறுகள் உண்டா என்று. கல்லூரியில் புவியியல் கற்றவனுக்கு உவப்பான கேள்வி. மலைநாட்டில் பிறந்து நாற்புறக் கடலுக்கும் ஓடும் ஆறுகளை வரிசையாகச் சொன்னேன். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மட்டும் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி உவர்நீரின்மேல் நிற்கிறது. எவர் கிணற்றில் அள்ளினாலும் அந்த நீர்தான் என்றும் விளக்கினேன்.

"அப்படியென்றால் எல்லோரும் பகிர்ந்து குடிப்பீர்கள். எவ்வளவு அழகு!" என்றார். நான் மறுக்கவில்லை. எங்கள் சனத்தைப் பற்றி ஓர் அந்நியர் கொண்ட நல்லெண்ணத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

கரவெட்டியில் எங்கள் காணி உறுதிப் பத்திரத்தில் கிணற்றுப் பங்கும் எழுதப்பட்டிருக்கிறது. சில சாதிக் குடியினர், கிணற்றில் நீர் அள்ளும் துலாவைத் தொடலாகாது. எங்களில் ஒருவர் அள்ளி வார்க்கும்வரை குடத்தோடு வேலிப் படலைக்கு வெளியே நிற்பார்கள். அதை ஒழுங்கென்றே எண்ணி வளர்ந்தேன்.

அன்று மாலையே தங்கை தொலைபேசியில் அழைத்தாள். கண் வைத்தியத்துக்காகக் கிளாலிக் கடலைக் கடந்து கொழும்புக்கு வந்திருந்தவள், மறுநாள் ஊர் திரும்புவதாகச் சொன்னாள்.

"அண்ணை, பலாலிப் பக்கத்தாலை இடம்பெயர்ந்த சனம் எங்கடை வளவிலை இருக்குது. கைக்குழந்தையளும் இருக்கு."

"ஆர் ஆக்கள்?"

"சனம் எண்டு சொன்னனே."

"கிணத்திலை ஆர் அள்ளுறது?"



"உதைத்தான் முதல் கேப்பியள் எண்டு தெரியும். பங்காளியள் துலாக் கயித்தைக் கழட்டி வைச்சிருக்கினம். மூத்தவர் நீங்கள் ஓமெண்டால் தாறமெண்டு நிக்கினம். நான் போய் என்ன சொல்ல?"

"யோசிச்சுச் சொல்லுறன், பிள்ளை."

"ஷெல் விழேக்கை எல்லாரும் ஒரே பங்கருக்குள்ளைதான் கிடக்கிறம். அங்கை ஆரும் யோசிக்கேல்லை. அதுசரி, நீங்கள் உங்கை ஆரின்ரை கிணத்திலை குடிக்கிறியள்?"

நான் வாய் திறக்குமுன் இணைப்பு அறுந்தது. கொழும்பில் அவள் தங்கியிருந்த இடத்தின் இலக்கத்தை நான் கேட்டிருக்கவில்லை. கரவெட்டியில் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியும் இல்லை. என் சொல் இல்லாமலே அவள் கடலைக் கடந்திருப்பாள்.

ஆகவே இதை வாசிப்போரில் ஊருக்குப் போகிறவர் எவரேனும் இருந்தால் எங்கள் பங்காளிகளிடம் சொல்லிவிடுங்கள்: கயிற்றைக் கட்டட்டும், எல்லோரும் அள்ளட்டும். மூத்தவர் ஓம் என்கிறார். இதனால் என் பெயருக்கு வருவது வரட்டும்.

இன்று காலையும் குழாயைத் திறந்து குவளையை நிரப்பினேன். இந்நீரை எனக்கு முன் எவர் தொட்டார் என்று இந்த நகரில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. குவளை உதட்டருகே வந்து நின்றது. படலைக்கு வெளியே ஒரு குடம் இன்னமும் காத்திருக்கிறதோ என்னவோ.