தடுமாற்றத்தை ஆராய்ந்தவன்

பட்டினப்பாக்கத்தில் மீனவப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய அபிராமபுரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவன் வந்தான். கசங்காத கதர் ஜிப்பா. யார் பேசினாலும் கண்ணை மூடித் தலையாட்டுவான். ஒரு பிள்ளையின் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

பரீட்சைக்கு முந்தைய நாள், அவனருகே இருந்த சிறுமி வகுத்தல் கணக்கில் திணறினாள்.

"அண்ணா, இது இன்னான்னே புரியல. சொல்லிக் குடேன்."

"நான் சொன்னா ரிசர்ச் கெட்டுடும். நீ தடுமாறு, நான் பாக்கறேன்."

அவள் அழுதுவிட்டாள். நான் ஓடிப்போய்ச் சொல்லிக்கொடுத்தேன்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டிருக்கலாம் மிஸ்," என்று சலித்துக்கொண்டான்.

அந்த ஆராய்ச்சிக்குப் பரிசு கிடைத்ததாம். வகுத்தல் தெரிந்தவன், அழும் குழந்தையின் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு எப்படித்தான் உட்கார்ந்திருந்தானோ!