கொரியாக்காரன் வீட்டில் கிடந்த செருப்பு

போன வெள்ளிக்கிழமை மகன் வீடியோவில் கூப்பிட்டு, வாடகைக்குப் பார்த்திருக்கும் வீட்டைக் காட்டினான். கொரியாவில் ஒரு கப்பல் கட்டும் துறையில் வெல்டிங் இன்ஸ்பெக்டர் அவன். இதை யாரிடம் சொன்னாலும் நான் குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்வதாக ஷார்ஜா முவைலாவில் என் ரூமில் இருக்கும் நர்ஸ் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். மூன்று மாடிச் செங்கல் கட்டடம், லிஃப்ட் கிடையாது, வீட்டுக்காரம்மா கீழே இருக்கிறாள். வெளிநாட்டுக்காரன் என்றதும் முன்னே பார்த்த வீடுகளில் கதவைக்கூடத் திறக்கவில்லையாம். இந்த அம்மாள் திறந்தாள். ஆனால் முதல் கேள்வியே, ஒற்றை ஆளா குடும்பமா என்பதுதானாம். கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. எந்த ஊருக்குப் போனாலும் வீட்டுக்காரர்களுக்கு ஒரே புத்திதான்.

முன்கதவுக்கு உள்ளே தரை ஒரு சாண் தாழ்ந்திருந்தது. "இதுல செருப்பக் கழத்திப் போட்டுட்டு மேல ஏறணும், கேட்டியா அம்மா," என்று போனை அந்தப் பள்ளத்துக்கு நேராகப் பிடித்தான். அதில் அவனுடைய ஷூ மட்டும் கிடந்தது. நான் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் அதையே பார்த்தேன். நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்து, "அம்மா, கேக்குதா" என்று கத்திக்கொண்டே இருந்தான்.

அதே மாதிரிப் பள்ளத்தை நான் தினமும் பெருக்கியிருக்கிறேன், பல வருஷம் முன்னே, ஓமானில் இருக்கும் சோஹாரில். துறைமுகம் பக்கம் ஏதோ பெரிய வேலைக்கு வந்த ஒரு கொரியாக் கம்பெனி, தன் ஆட்கள் இருப்பதற்காக வரிசையாகச் சின்னச் சின்ன மாடி வீடுகளைக் கட்டியிருந்தது. ஓமானில் கட்டினாலும் அவர்கள் ஊர் வீடு மாதிரியே கட்டிக்கொண்டார்கள். வேலை முடிந்ததும் அவர்கள் மூட்டை கட்டிப் போய்விட்டார்கள். நிலத்துக்குச் சொந்தக்கார ஓமானி வீடுகளை வாடகைக்கு விட்டார். அடுக்களை அலமாரியைத் திறந்தால் பூண்டும் புளித்த முள்ளங்கியும் சேர்ந்த ஒரு வாடை வரும். ஃபினாயில் போட்டுக் கழுவியும் போகவில்லை. குளச்சல் பக்கத்துக் கடற்கரையில் கருவாட்டுக்கு நடுவே வளர்ந்தவள் நான், வாடைக்கெல்லாம் மூக்கைப் பிடிக்க முடியுமா? கொஞ்ச நாளில் அதுவே என் வீட்டு வாசமாகிவிட்டது.

எனக்கு அந்த வீடு எதற்கு என்று கேட்பீர்கள். நான் வேலை பார்த்த கிளினிக்கின் ஹாஸ்டலில் ஒரு கட்டில் இருந்ததே. ஆனால் புருஷனையும் பிள்ளையையும் கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் முதலில் வீடு வேண்டும். வீடு கேட்டுப் போனால் முதலில் குடும்பத்தைக் காட்டு என்பார்கள். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதைதான். வேலையில் இருப்பவள் பொம்பிளை, புருஷன் ஊரில் என்றால் கேட்கவே வேண்டாம். அர்பாப், அதாவது முதலாளி, என்று எல்லோரும் கூப்பிடும் அந்த ஓமானி என்னை ஏற இறங்கப் பார்த்து, புருஷன் எங்கே என்றார்.

"ஹஸ்பெண்ட் கிதர்?"

"ஆ ரஹா ஹை, அர்பாப். ஜல்தி."

வந்துகொண்டே இருக்கிறார் என்று சொன்னேன். என் புருஷனோ ஊரில் மீன்பிடிக்கக் கடலுக்குள் இருந்தார். அர்பாப் தாடியைத் தடவிவிட்டு, "யல்லா", சரி போ, என்று சாவியைக் கொடுத்தார்.

பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து ரஞ்சி அக்கா. துறைமுகத்தில் ஒரு ஆபீசில் கணக்கு வேலை. குடிபோன அன்றைக்கே வந்து வாசலைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதில ஒரு சோடி ஆம்பிளைச் செருப்பு வாங்கிப் போட்டுவிடும். பிறகு ஒருத்தரும் ஒண்டும் கதைக்கமாட்டினம்" என்றா. சரியான யோசனைதான். அர்பாபின் ஆட்கள் வாடகை வாங்க வந்தால் வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வாங்கப் போகும்போதுதான் தெரிந்தது, கட்டிய புருஷனின் கால் அளவு எனக்குத் தெரியாது. ஊரில் அவர் செருப்புப் போட்டு நான் பார்த்தது மாதாகோவிலுக்குப் போகும்போது மட்டும்தான். போன் போட்டுக் கேட்டேன். "கடலுக்குப் போறவனுக்குக் காலுக்கு என்னட்டி நம்பரு?" என்று சிரித்தார். குத்துமதிப்பாக ஒரு பழுப்புத் தோல் செருப்பு வாங்கினேன். எப்படியும் அவர்தானே வந்து போடப்போகிறார் என்று நல்லதாகவே வாங்கினேன்.

அவர் வரவில்லை. "இந்த சீசன் முடியட்டு, வாறேன்." பிறகு வலை. பிறகு ஊர்த் திருவிழா. பிறகு பிள்ளையின் பள்ளிக்கூடம். செருப்பு கடையில் வாங்கிய மினுக்கம் மாறாமல் ஒரே இடத்தில் கிடந்தது. ஒருநாள் ரஞ்சி அக்கா, "உங்கட மனுசன் நல்ல நித்திரை போல, செருப்பு அசையவே இல்லை" என்றா. சிரித்தோம். ஆனால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு குப்பை கொட்டப் போகும்போதெல்லாம் அதை மாட்டிக்கொண்டு போவேன். இரண்டு படகில் காலை விட்டவள் மாதிரி இழுத்து இழுத்து நடப்பேன். மணலில் தேய்ப்பேன், வெயிலில் காயப்போடுவேன். இப்படி ஒரு ஆள் நடந்து நடந்து தேய்ந்த செருப்பு மாதிரி ஆக்கிவைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்ல.

கடைசியில் வந்தார், பிள்ளையோடு. விசிட் விசாதான், பிடித்திருந்தால் நிரந்தரமாக மாற்றலாம் என்று பேச்சு. மீன்குழம்பு கொதிக்கிறது, நான் சேலை மாற்றிப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கிறேன். கதவுக்குள் வந்தவர் அந்தப் பள்ளத்தில் பையோடு நின்றுவிட்டார்.

"இது ஆருக்க செருப்பு?"

கோபமாகக் கேட்கவில்லை. கரையில் ஒதுங்கிய கட்டையை ஆருடையது என்று கேட்பது போலக் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே எல்லாம் சொன்னேன். உண்மையைச் சொல்லும்போதுதான் எனக்குத் திருட்டு முழி வரும், அது பிறவிக் குணம். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. ரஞ்சி அக்கா ஓடிவந்து, "அண்ணை, நான் சொல்லித்தான் வாங்கிப் போட்டவ" என்றா. "கொள்ளாம், நல்ல புத்தி" என்று அவரும் சிரித்தார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் இருந்த நாள் முழுக்க அந்தச் செருப்பில் அவர் காலை வைக்கவில்லை. "போட்டுத்தான் பாருங்களேன்" என்றால், "எனக்கு அது சேராது" என்பார். தன் ரப்பர் செருப்பைக் கதவுக்கு வெளியே, வெயிலில்தான் கழற்றிப் போடுவார். பிள்ளைதான் அந்தத் தோல் செருப்பை மாட்டிக்கொண்டு வீடு முழுக்க இழுத்துக்கொண்டு திரிவான். சாயங்காலம் அவர் சோஹார் கடற்கரையில் போய் உட்கார்ந்திருப்பார். "கடலு இருக்கு. நமக்க கடலு இல்ல பாத்துக்கோ" என்றார். விசா முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இருக்கச் சொல்லி அழுதேன். அடுத்த சீசன் முடியட்டு என்றார்.

அடுத்த சீசன் முடியும் முன்னே, வலையை இழுத்துக் கரையில் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு என்னை விட்டு ஊருக்குத் திரும்பியது கடலுக்காகவா, அந்தச் செருப்புக்காகவா? கேட்காமலே விட்டேன். இனி யாரைக் கேட்பது.

நான் ஷார்ஜாவுக்கு வேலை மாறி வந்தேன். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு சோஹார் போனபோது டாக்சி பிடித்துத் தேடினேன். வீடுகள் இல்லை. வேலி போட்டுக் கண்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் என் வாசல் இருந்தது என்றுகூடச் சொல்ல முடியவில்லை. ரஞ்சி அக்கா கனடாவில் மகளோடு இருக்கிறா.

வெள்ளிக்கிழமை போனில் மகன் கத்தி ஓய்ந்தபிறகு, "கேக்குது மக்களே" என்றேன். அவன் போனை மறுபடியும் அந்தப் பள்ளத்துக்குத் திருப்பினான்.

"அம்மா, சோஹார்ல நமக்கு இதே மாதிரி வீடுதானே? அப்பாக்க தோல் செருப்பு ஒண்ணு கெடக்குமே, நான் போட்டுட்டு நடப்பேனே. அது ஒனக்க கிட்ட இருக்கா?"

"இல்ல மக்களே. வீட்டக் காலி பண்ணும்போ அங்கனயே விட்டுட்டேன்" என்றேன்.

அது அப்பாவின் செருப்பு என்று இந்த உலகத்தில் சொல்ல ஒருவன் இருக்கிறான் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால், கையோடு எடுத்து வந்திருப்பேன்.